செட்டிலேயே வளர்ந்தவளின் நினைவுகள்: ராதிகா மேடத்திலிருந்து தொடங்குகிறேன்

கன்டினியூட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வாரம் இங்கே ஓடிய பேச்சில், "சினிமாவில் வாய்ப்பு போனால் சீரியலுக்கு வருகிறார்கள்" என்று ராதிகா மேடத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என்னைப் பற்றி. 2000-ல், ஏழு வயதில், ஒரு சீரியலில் குழந்தை நட்சத்திரமாக வந்தேன். இன்றைக்கும் சீரியல்தான் சோறு போடுகிறது. பெயரும் நடித்த தொடரும் வேண்டாம். அதே ஆட்களோடுதான் இன்னும் வேலை செய்கிறேன்.

அந்த முதல் தொடரில் எனக்கு மறக்காதது ஒரு பல். மேல்வரிசை முன்பல் ஆட ஆரம்பித்தது. ஒரு வீட்டு சீனில் பாதியை முந்தின வாரமே எடுத்துவிட்டார்கள், மீதி பாக்கி. பல் விழுந்தால் கன்டினியூட்டி, அதாவது முன்னே எடுத்ததோடு பொருத்தம், போய்விடும். "பாப்பா, நாக்கால தள்ளாதடா" என்று கேமராமேனிலிருந்து டீ கொண்டுவரும் அண்ணன் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூன்று நாள் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து அம்மா ஊட்டினார். நாலாம் நாள் ராத்திரி தூக்கத்திலேயே விழுந்துவிட்டது. தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு, விடியும்வரை அம்மாவிடம் சொல்லாமல் அழுதேன். பெரிய தப்பு செய்துவிட்ட மாதிரி பயம். மறுநாள் செட்டில் யாரும் திட்டவில்லை. ஆனால் என் வசனம் எல்லாவற்றையும் பாட்டி கேரக்டருக்கு மாற்றிவிட்டு, என்னை வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் அப்படியே ஓடியது.

இன்னொன்று பிராம்ப்டிங். வெளியில் பலருக்குத் தெரியாது. சீரியலில் வசனத்தை மனப்பாடம் செய்ய நேரமே கிடைக்காது. கேமராவுக்குப் பின்னால் அசிஸ்டென்ட் டைரக்டர் ஒருவர் பேப்பரைப் பார்த்து வரி வரியாகச் சொல்லுவார், நாங்கள் முகபாவத்தோடு திருப்பிச் சொல்லுவோம். டப்பிங்கில் வேறு குரல் வந்துவிடும். மூன்றாம் வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பி ஒரு கேள்வி கேட்டார். பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் யாராவது பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பார்கள் என்று அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

ஒன்பது வயதில் ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து என் தொடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரை இருண்டு, "பத்து ஆண்டுகளுக்குப் பிறகு" என்று எழுத்து வந்தது. தாவணி கட்டின ஒரு அக்கா திரும்பிப் பார்த்தார். அவருக்கு என் கேரக்டர் பெயர். எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கால்ஷீட் கேட்டு போன் வராமல் இருந்ததற்கு அப்போதுதான் காரணம் புரிந்தது. சீரியலில் ஒரு குழந்தை வளர்ந்தால், அந்தக் குழந்தைக்கு அங்கே வேலை இல்லை.

அதே காலத்தில்தான் 'சித்தி' ஓடியது. 1999 டிசம்பரில் ஆரம்பித்து 2001 நவம்பர் வரை. எங்கள் வீட்டில் என் தொடரைவிட அம்மா அதைத்தான் விடாமல் பார்ப்பார். அப்போது ராதிகா மேடத்துக்கு வயது 37 இருக்கும். சினிமாவில் அந்த வயதுக் கதாநாயகியை அக்காவாகவும் அண்ணியாகவும் ஆக்கி ஓரத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்த காலம். இங்கே அவர்தான் கதையின் நடு. அடுத்தடுத்து 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி'. 2018 டிசம்பரில் 'வாணி ராணி' முடியும்போது அவருக்கு 56. ஏறக்குறைய பத்தொன்பது வருடம், வாரநாள் ராத்திரி, வயது ஏற ஏற அவர் நடுவிலேயே இருந்தார்.

வளர்ந்ததால் எனக்கு வேலை போனது. அவருக்கு ஏன் போகவில்லை? இதை ரொம்ப வருடமாக யோசிக்கிறேன். திறமை என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும் என்று நினைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

---

உறையூர்க்காரன் எழுதியது:

சகோதரி, பல் கதையைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல.

'சித்தி' ஓடிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கு. அப்போ உறையூரில் நெசவுத் தெருவில் இருந்தோம். வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது, "கண்ணின் மணி கண்ணின் மணி" என்று நித்யஸ்ரீ குரல் முதல் வீட்டில் ஆரம்பிக்கும். நான் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்வரை பாட்டு அறுபடவே அறுபடாது, ஒவ்வொரு வீடாகத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே வரும். வைரமுத்து வரிகள், தினா இசை. சீரியல் பாட்டைக் கல்யாண வீட்டில் போட்டது அதற்கு முன்னாடி நான் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று சொல்லணும். ராதிகா வெறுமனே டிவியில் பெரிய ஆளானவர் இல்லை. 'கிழக்குச் சீமையிலே' விருமாயியைப் பார்த்தவன் நான். 1993-ல் வந்த படம். அந்த அழுகையும் அந்த வைராக்கியமும்தான் ஆறு வருடம் கழித்து 'சித்தி'யின் சாரதாவாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. பாரதிராஜா 'கிழக்கே போகும் ரயி'லில் பாஞ்சாலியாகக் கொண்டுவந்தது 1978-ல். இருபது வருடம் தமிழ், தெலுங்கு என்று நடித்துப் பழுத்த ஒரு நடிகை டிவிக்கு வந்தார். அதனால்தான் நின்றார். என் வரையில் திறமைதான் முதல் காரணம்.

---

ஸ்காபரோ அக்கா எழுதியது:

நான் கனடாவில இருந்து எழுதுறன். இங்க ஸ்காபரோவில நாங்கள் 'சித்தி'யை கசெட்டில பாத்தனாங்கள். தமிழ்க் கடையில மரக்கறி வாங்கப் போனா, கல்லாவுக்குப் பின்னால அடுக்கி வச்சிருப்பினம். ஒரு கிழமைக்கான அஞ்சு எபிசோட்டும் ஒரே கசெட்டில. எங்கட அம்மம்மா வெள்ளிக்கிழமை எண்டா கடைக்குப் போக முதலே பழைய கசெட்டை ரீவைண்ட் பண்ணி, பையில போட்டு வாசல்ல வச்சிடுவா. சண்டைக்குள்ளால வந்த மனிசி அவ. மகனை அங்கயே விட்டிட்டு வந்தவ. சொந்தக் கதைக்கு அழாத மனிசி சாரதாவுக்காக அழுதவ. நாங்கள் அதைத் தடுக்கேல்ல. ஏதோ ஒண்டுக்காவது அழட்டும் எண்டு விட்டிட்டம்.

ராதிகாவின்ர அம்மா இலங்கைத் தமிழ் ஆள் எண்டது எங்கட வீட்டில பெரிய கதை. அம்மம்மா அவவை "எங்கட பிள்ளை" எண்டுதான் சொல்லுவா. ராதிகா இலங்கையிலயும் லண்டனிலயும் படிச்சவ. அப்பிடி ஊர் ஊரா வளந்த பிள்ளை பதினாறை ஒட்டின வயசில ஒரு தமிழ்க் கிராமத்துப் பெட்டையா நடிச்சிருக்கிறா எண்டா, அது எவ்வளவு பயமா இருந்திருக்கும்? தங்கச்சி, நீங்கள் டீச்சரின்ர தோளுக்குப் பின்னால பாத்துக்கொண்டு நிண்டதை வாசிக்கேக்க எனக்கு அதுதான் நினைப்பு வந்தது. எனக்கும் இங்க வந்த புதுசில வகுப்பில வாய் திறக்க ஏலாமல் இருந்தது.

---

பழைய கோ-டைரக்டர் எழுதியது:

கன்டினியூட்டி அம்மா கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறேன். பதினெட்டு வருடம் சீரியலில் வேலை பார்த்தவன்.

ராதிகா மேடம் நடிகையாக மட்டும் டிவிக்கு வரவில்லை, முதலாளியாக வந்தார். அவருடைய தயாரிப்பு நிறுவனமான ராடான் 1994-லேயே ஆரம்பித்தது. 'சித்தி' அதற்குப் பிறகு. இது ஏன் முக்கியம் என்றால், அந்தக் காலத்து வியாபாரம் இப்போது மாதிரி இல்லை.

அப்போது சேனல் நேரத்தை விற்றது. அரை மணி நேர ஸ்லாட்டுக்குத் தயாரிப்பாளர் டெலிகாஸ்ட் ஃபீ கட்ட வேண்டும். அதற்குப் பதிலாக, அந்த அரை மணிக்குள் இத்தனை செகண்ட் விளம்பர நேரம் தயாரிப்பாளர் கைக்கு வரும். சோப்பு, மசாலா, நகைக்கடை, ஜவுளிக்கடை என்று ஏறி இறங்கி அதைப் பத்து பத்து செகண்டாக விற்க வேண்டும். ஆர்ட்டிஸ்ட் சம்பளம், ஷூட்டிங் ஹவுஸ் வாடகை, பேட்டா, சாப்பாடு, ஃபைனான்ஸ் வட்டி எல்லாம் அந்தப் பணத்தில்தான். ரேட்டிங் ஏறினால் பத்து செகண்டின் விலை ஏறும். விழுந்தால் ஸ்லாட் பணமே கைக்காசு. வீட்டை அடமானம் வைத்த தயாரிப்பாளர்களை எனக்குத் தெரியும்.

அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டவருக்கு ஒரு உரிமை இருந்தது. கதையில் யார் நடுவில், கதாநாயகிக்கு என்ன வயது, எப்போது லீப் (கதை பல வருடம் தாவுவது) என்பதை எல்லாம் அவரே முடிவு செய்யலாம். 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகு' கார்டை எங்கே போடுவது என்பது ஸ்லாட் வைத்திருப்பவர் கையில். அந்தக் கார்டு வந்தால் மற்ற ஆர்ட்டிஸ்ட்டுக்கு வேலை போகும், அவருக்குப் போகாது. உங்கள் கேள்விக்கு விடை இதுதான் அம்மா.

தொடரும் சொந்தம். 'சித்தி' தெலுங்கில் 'பின்னி' என்று ஜெமினி டிவியில் போனது. எடுத்த பொருளை இன்னொரு மாநிலத்தில் விற்க முடிந்தது.

இப்போது பெரும்பாலும் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. தயாரிப்பாளருக்குத் தூக்கம் வருகிறது, உண்மைதான். ஆனால் ஒரு நடிகை ஸ்லாட் எடுத்து, தன் வயதுக்குத் தானே கதை எழுத வைத்து, இருபது வருடம் நிற்பது இனி லேசில் நடக்காது.

---

நேர்கேள்வி எழுதியது:

கோ-டைரக்டர் சார் சொன்னது பெரிய விஷயம். இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு இரண்டு கேள்வி. கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று. அவர் எம்.ஆர்.ராதாவின் மகள். ராதாரவியும் எம்.ஆர்.ஆர்.வாசுவும் அண்ணன்மார். சினிமாவில் பிறந்து வளர்ந்தவருக்குக் கிடைத்த கதவு, சாதாரணக் குடும்பத்திலிருந்து வரும் பெண்ணுக்குக் கிடைக்குமா?

இரண்டு. ஒரு நடிகை முதலாளியானதால் அந்தத் தொடரில் தினச் சம்பளத்துக்கு நடித்த மற்றப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? திரையில் பார்த்தால் ஒரு பெண் அழுவாள், இன்னொரு பெண் அழ வைப்பாள். 'சித்தி'யில் யுவராணி நடித்த பிரபாவதியை எங்கள் தெருவில் நிஜமாகவே சபித்தார்கள். இருபத்தைந்து வருடமாக மாமியார், மருமகள், நாத்தனார் என்று பெண்ணுக்குப் பெண்ணை எதிரியாக்கியதில் இந்தத் தொடர்களுக்கும் பங்கு உண்டு இல்லையா?

---

இரவு ரயில் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். "சினிமாவில் பிறந்து வளர்ந்தவர்" என்று சொன்னால் கதவு தானாகத் திறந்து கிடந்த மாதிரி இருக்கிறது. தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி 12. அந்த வழக்கில் எம்.ஆர்.ராதா சிறைக்குப் போனார், 1971-ல் வெளியே வந்தார். ராதிகா பிறந்தது 1962. அப்பா உள்ளே போகும்போது அந்தக் குழந்தைக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. தமிழ்நாடே எம்.ஜி.ஆர். பக்கம் நின்ற காலம். 1978-ல் மகளின் முதல் படம் வந்தது, மறு வருடம் செப்டம்பரில் அப்பா இறந்துவிட்டார். அந்தப் பெயர் கதவையும் திறந்திருக்கும், சில கதவுகளை மூடியும் இருக்கும்.

தயாரிப்பும் டிவியில் திடீரென்று வந்ததில்லை. பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படமான 'மீண்டும் ஒரு காதல் கதை'க்கு அவர்தான் தயாரிப்பாளர். 1985-ல் வந்தது. இயக்குநரின் முதல் படத்துக்கான தேசிய விருது, இந்திரா காந்தி விருது, அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. கதாநாயகியாக ஓடிக்கொண்டிருந்த வயதில் கணக்குப் புத்தகத்தையும் கையில் எடுத்தவர். 1994-ல் வந்த ராடான் அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். குட்டி பத்மினி. 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் இரட்டைக் குழந்தைகளாக நடித்தாரே, 1965-ல். கன்டினியூட்டி, உங்களை மாதிரியே செட்டில் வளர்ந்தவர். அவரும் பிற்பாடு வைஷ்ணவி ஃபிலிம்ஸ் வைத்து சீரியல் எடுத்தார். ஜெமினி கணேசன் நடித்த 'கிருஷ்ணதாசி' அவர் தயாரித்ததுதான். குழந்தை நட்சத்திரத்துக்கு வளர்ந்த பிறகு வேலை இல்லை என்ற இடத்திலிருந்து, வேலை கொடுக்கிற இடத்துக்குப் போனவர். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

---

கன்டினியூட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்காபரோ அக்கா, உங்கள் அம்மம்மாவை நினைத்து இரண்டு நாள் ஷூட்டிங்கில் கிளிசரின் இல்லாமல் அழுதேன்.

நேர்கேள்வி, உங்கள் இரண்டாம் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த "மற்றப் பெண்கள்" நாங்கள்தான்.

பதினெட்டு வயதில் திரும்பி வந்தேன். பி.காம் தபால் வழியில் படித்துக்கொண்டே தங்கச்சி ரோல். இருபத்தைந்தில் அண்ணி. இப்போது என்னைவிட ஏழு வயது மட்டுமே சின்னவரான ஒரு நடிகருக்கு அம்மா. காதோரம் வெள்ளை அடித்துக்கொள்ளத்தான் காலையில் அரை மணி முன்னால் வரச் சொல்கிறார்கள். ஒன்பது மணி ஷூட்டிங்குக்கு எட்டரைக்கு மேக்கப் நாற்காலி. ராத்திரி ஒன்பதுக்கு பேக்கப் என்பார்கள், ஒன்பதரை, பத்து ஆகும். வளசரவாக்கம் பக்கத்து ஷூட்டிங் ஹவுஸ்களில் எந்த வீட்டில் எந்தப் படிக்கட்டு வழுக்கும் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஒரே ஹாலில் மூன்று தொடருக்கு மூன்று குடும்பத்தோடு வாழ்ந்திருக்கிறேன். சோஃபா உறையும் சுவர்ப் படமும்தான் மாறும்.

ஒரு நடிகை முதலாளியானதால் எனக்குச் சம்பளம் கூடியதா என்றால், இல்லை. நான் ராடானில் நடித்ததில்லை, அதனால் அந்த செட் எப்படி இருக்கும் என்று பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் எங்களுக்கு வேறொன்று கிடைத்தது. 'சித்தி'க்குப் பிறகு முப்பத்தைந்து வயதுப் பெண்ணைச் சுற்றிக் கதை சொன்னால் வீடு வீடாகப் பார்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 'கோலங்கள்' அபி 2003-ல் வந்தார். தேவயானி மேடத்தைத் திருச்செல்வம் சார் ஒரு கம்பெனி நடத்தும் பெண்ணாகக் காட்டினார். ஆறு வருடம், ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல் போனது. ரம்யா கிருஷ்ணன் மேடம் 'தங்கம்', 'வம்சம்' செய்தார். 2015-ல் 'பாகுபலி' சிவகாமியாக உலகமே அவரைப் பார்த்தபோது, சன் டிவியில் 'வம்சம்' ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போதெல்லாம் எனக்கு இருபது, இருபத்திரண்டு. "நமக்கும் முப்பத்தைந்து வரட்டும், அப்போதுதான் நல்ல கேரக்டர் வரும்" என்று வயதை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். ஒரு நடிகை தன் வயதுக்காகக் காத்திருப்பதை நீங்கள் வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

எனக்கு முப்பத்தைந்து நெருங்கும்போது காற்று திரும்பிவிட்டது. இப்போது கதாநாயகிக்கு இருபது, இருபத்திரண்டு. கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ் தெரியாமல் பிராம்ப்டிங் கேட்டு அப்படியே சொல்லுவார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஹாஸ்டலில் தனியாக இருந்துகொண்டு, மொழி தெரியாத ஊரில், நாளைக்கு சீன் உண்டா இல்லையா என்று மேனேஜர் போனுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள். ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து "அக்கா, 'ழ' எப்படி?" என்று கேட்டாள். சாப்பாட்டு நேரம் முழுக்க "வாழைப்பழம்" சொல்லிக் கொடுத்தேன். டப்பிங்கில் எப்படியும் வேறு குரல்தான் வரும். ஆனாலும் அவளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

பெண்ணுக்குப் பெண் எதிரி என்று சொன்னீர்கள். உண்மைதான். விஷம் கலக்கிற சீனில் நானும் நடித்திருக்கிறேன். கோவிலில் ஒரு பாட்டி என் கையைத் தட்டிவிட்டார். இதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

---

உறையூர்க்காரன் எழுதியது:

திறமைதான் முதல் காரணம் என்று எழுதினேன். கோ-டைரக்டர் சாரும் இரவு ரயிலும் சொன்னதைப் படித்தபிறகு அதை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. திறமை இருந்தும் போன் வராமல் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்கிறேன். 'மெட்டி ஒலி'யில் அந்த ஐந்து பெண் பிள்ளைகளும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே இருந்தார்கள். அதற்கப்புறம் அவர்களை நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கிறவனுக்கும் இதில் பங்கு இருக்கு.

---

ஆவடி அம்மா எழுதியது:

இந்தப் பேச்சை ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து படித்தேன். எனக்கு அவசரமாக ஒரு யோசனை வேண்டும், அக்கா.

என் மகளுக்கு எட்டு வயது. ஸ்கூல் ஆண்டுவிழாவில் அவள் ஆடினதைப் பார்த்துவிட்டு ஒருவர் நம்பர் வாங்கினார். புது சீரியலில் கதாநாயகியின் சின்ன வயசு கேரக்டராம், மாதம் பதினைந்து நாள் ஷூட்டிங்காம். அவள் ஆசைப்படுகிறாள். அவங்க அப்பாவும் சரி என்கிறார். எனக்கு உங்கள் பல் கதையைப் படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. அனுப்பலாமா, வேண்டாமா?

---

கன்டினியூட்டி எழுதியது:

அம்மா, அனுப்பாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. லைட் போட்டதும் எல்லோரும் அமைதியாகி என்னையே பார்ப்பார்களே, அந்த நிமிஷம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் என் அம்மாவுக்குத் தெரியாமல் போன சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் நடித்த காலத்தில் இதற்கு யாரும் வரையறை சொல்லவில்லை. இப்போது சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி, 2017-ல் விதிகள் கொண்டுவந்தார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை நடிக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. அதிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தக் கூடாது. தொடர்ந்தாற்போல் 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். பிள்ளைக்கு இஷ்டம் இல்லாமல் நடிக்க வைக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது.

மேனேஜரிடம் பேசும்போது சம்பளத்தைக் கடைசியில் கேளுங்கள். "கலெக்டர் அனுமதி நம்பர் என்ன?" என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள், மீதியெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், லீப் எப்போது என்று கேட்டுவையுங்கள். உறுதியாகச் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள். அந்த நாள் வரும் என்று பிள்ளைக்கு இப்போதே சொல்லிவையுங்கள். "ஒருநாள் இந்தப் பெயரில் வேற அக்கா வருவாங்க, நீ ஒண்ணும் தப்பு பண்ணல" என்று. எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. ஒன்பது வயதில், பல் விழுந்ததால்தான் என்னை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பல் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

---

பழைய கோ-டைரக்டர் எழுதியது:

அம்மா எழுதிய எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஐந்து மணி நேரம் என்பது மேக்கப் போட்ட பிறகு என்று சிலர் சொல்லிப் பார்ப்பார்கள். பிள்ளை ஷூட்டிங் ஹவுஸுக்குள் கால் வைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் குழந்தை சீனை முதலில் எடுத்து அனுப்பிவிடுவோம் என்று ஆரம்பிப்போம். பெரிய ஆர்ட்டிஸ்ட் வேறு ஷூட்டிங்குக்குப் போகணும் என்பார், அவர் சீன் முன்னால் போகும். குழந்தை சோஃபாவில் தூங்கிவிடும். ராத்திரி எழுப்பி, முகத்தைத் துடைத்து, அழும் சீன் எடுத்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் நன்றாக அழும். இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது. ஆனால் எழுதணும்.

---

ஸ்காபரோ அக்கா எழுதியது:

ஐயா, சொன்னதுக்கு நன்றி. எல்லாரும் சொல்ல மாட்டினம்.

---

கன்டினியூட்டி எழுதியது:

சார், அந்த சோஃபாவில் தூங்கிய குழந்தைகளில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கலாம். உங்கள் மேல் கோபம் வரவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இப்போது நடிக்கும் தொடரில் எனக்குப் பேத்தியாக ஒரு பாப்பா வருகிறாள். ஆறு வயது. (ஆமாம், பேத்தி. இந்த வயதில் பாட்டியாகவும் ஆகிவிட்டேன்.) சாப்பாட்டு நேரத்தில் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். என்னடா என்றேன். வாயைத் திறந்து காட்டினாள். கீழ்வரிசையில் நடுப்பல் ஆடுகிறது. "மாமா தள்ளாதேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

எழுந்து நேராக டைரக்டரிடம் போனேன். இருபத்தைந்து வருடத்தில் ஒரு சீனை மாற்றுங்கள் என்று நான் கேட்டது இதுதான் முதல் தடவை. பல் விழட்டும் சார், விழுவதையே சீனாக வைப்போம், பாட்டிதான் நான் இருக்கிறேனே, சாணியில் உருட்டி ஓட்டு மேல் எறிகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ரைட்டருக்கு போன் போட்டார்.

வியாழக்கிழமைக்கு சீன் பேப்பர் வந்திருக்கிறது. ஓட்டு வீடுதான் கிடைக்கவில்லை. ஷூட்டிங் ஹவுஸ் எல்லாம் மொட்டை மாடி. போரூர் தாண்டி ஒரு பழைய வீடு இருக்கிறது என்று ஆர்ட் டிபார்ட்மென்ட் தம்பி பார்க்கப் போயிருக்கிறான். பாப்பா முறுக்கைத் தின்றுவிட்டாள்.

---

ஆவடி அம்மா எழுதியது:

அக்கா, இன்றைக்குக் காலையில் அந்த மேனேஜருக்கு போன் செய்து கலெக்டர் அனுமதி பற்றிக் கேட்டேன். "விசாரித்துவிட்டு கூப்பிடுகிறேன் மேடம்" என்றார். இன்னும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை சீன் எந்த நாள் டெலிகாஸ்ட் ஆகும் என்று முடிந்தால் சொல்லுங்கள், மகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.